நினைவும் நேர்மையும்

ஆசாரத்துச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம்; அதன்முன் எரியும் சிறிய சிவப்பு விளக்கு. பக்கத்தில் சிவகாசியில் அச்சான நாட்காட்டி. சட்டமிட்டு மாட்டிய பெற்றோரின் திருமணப் படம். சுவர்ப் பலகையின்மீது, பூவேலை செய்த துணி போர்த்திய வானொலிப் பெட்டி. 1970களில் உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் வளர்ந்த கத்தோலிக்கர் பலருக்குக் கண்ணை மூடினாலே இக்காட்சி தோன்றும். ‘அதுவன்றோ பொற்காலம்’ என்னும் பெருமூச்சும் உடன் எழும். அப்பெருமூச்சு முற்றிலும் மாசற்றதுதானா?

1688-இல் பாசெல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் இத்தகைய ஏக்கத்திற்கு ‘நோஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். தாயகம் விட்டுச் சென்றோரைப் பீடிக்கும் நோயாகவே அவர் அதைக் கண்டார். நாம் ஏங்குவதோ ஓர் இடத்திற்கன்று, ஒரு காலத்திற்கு. இடத்திற்குத் திரும்பிச் சென்று, நினைத்தது சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம். காலத்திற்கு அவ்வாறு செல்ல இயலாது. ஆதலால் நம் நினைவு தன் விருப்பம்போல் வண்ணம் பூசிக்கொள்கிறது.

எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரத்தில், பாலைநிலத்து மன்னாவில் சலிப்புற்ற இஸ்ரயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி அழுகின்றனர். அவற்றை விலையின்றி உண்டதாகவும் சொல்லிக்கொள்கின்றனர். விலையாகத் தந்தது தங்கள் முதுகையே என்பது நினைவுக்கு வரவில்லை. செங்கல் அறுத்த கைக்குப் பூண்டின் மணம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

நம் வானொலிப் பெட்டிக்கு வருவோம். அதில் ஒலித்தது பெரும்பாலும் இலங்கை வானொலி. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. நம் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவியின் திரைப்பாடல்கள் கடல் கடந்து சென்று மீண்டும் நம் வீட்டுக்கே வந்தன என்பதில் நமக்குத் தனிப் பெருமை. (அன்றைய பெரியோர் திரைப்படத்தை ஐயத்துடனேயே நோக்கினர், திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936-இல் அதுபற்றிச் சுற்றுமடலே எழுதினார். அதை மறந்து, இன்றைய பாடல்களுக்காக இளையோரைக் கடிந்துகொள்கிறோம்.)

அதே அலைவரிசையை வேறு சிலரும் கேட்டனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி இந்தியா ஏற்கவேண்டிய மலையகத் தமிழர் 5,25,000 பேர். அவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பெற்றனர். நமக்குப் பொழுதுபோக்காயிருந்த அக்குரல், அவர்களுக்கு இழந்த வீட்டின் குரல். ஹோஃபர் கண்ட நோய் அவர்களுடையது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த வீட்டுச் சுவர்களிலும் திருமணப் படங்கள் தொங்கியிருக்கும்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. நம் ஆசாரத்தில் அமர்ந்து வானொலி கேட்டவர் சிலர். அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே உள்ளிருந்து கேட்டவர் நம் அன்னையர். வேறு சிலர் வாசலில் நின்றே கேட்டனர். உள்ளே இடமில்லாததால் அன்று. அவர்கள் பிறந்த சாதியால். ஊரில் இது அனைவரும் அறிந்ததே. நம் பொற்காலக் கதைகளில் மட்டும் அவர்கள் வருவதில்லை.

திருச்சபையின் தலையாய நினைவு திருப்பலி. அந்த இராவுணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு அது என்பதைச் சொல்லியே தொடங்குகிறார். மூன்றாம் நற்கருணை மன்றாட்டிலும் அச்சொற்கள் இன்றுவரை நீக்கப்படவில்லை. அன்பின் விருந்தை மட்டும் நினைவுகூர்ந்து யூதாசை விட்டுவிட்டிருந்தால் எவ்வளவு இனிமையாயிருக்கும்! திருச்சபை அவ்வாறு செய்யத் துணியவில்லை.

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்காக ஒப்புக்கொடுக்கப்படும் திருப்பலிக்கு மக்கள் பெயர்ப்பட்டியல் எழுதித் தருவது வழக்கம். பீடத்தில் நின்று அப்பெயர்களை ஆண்டுதோறும் வாசிக்கிறேன். பாட்டனார், பாட்டியார், சித்தப்பா, அத்தை என அனைவரும் உறவினரே. வாசலில் நின்றவர்களுள் ஒருவர் பெயரையேனும் யாரும் இதுவரை எழுதித் தந்ததில்லை.