துறை தெரிந்தவன்

'புதியது' என்ற சொல்லை நம் விமர்சனத்தில் மிக மலிவாகச் செலவழித்துவிட்டோம். ஒரு கவிதைத் தொகுப்பு வந்தால் 'தமிழுக்குப் புதிது' என்று எழுதிவிடுகிறோம். எதோடு ஒப்பிட்டுப் புதிது, எந்தத் தேதிக்கு முன் இல்லாதது, இல்லை என்று தெரிந்துகொள்ள எங்கெல்லாம் தேடிப்பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அது ரசனைக் குறைவு. ஆனால் இந்தக் கேள்விகளை மட்டுமே கேட்டுக்கொண்டு, பதிலை எழுத்தில் தந்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. காப்புரிமை அலுவலகத்துப் பரிசோதகர்கள். 'இது புதிதல்ல' என்று பரிசோதகர் சொல்வதானால், இன்ன வருஷத்து இன்ன ஆவணத்தில் இன்ன பத்தி என்று காட்ட வேண்டும். 'புதிதுதான்' என்று விட்டுவிட்டால், விண்ணப்பித்த தேதியிலிருந்து இருபது வருஷத்துக்கு அந்த முறையை வேறெவரும் அனுமதியில்லாமல் கையாள முடியாது. விமர்சகனின் அபிப்பிராயத்தால் யாருடைய பட்டறையும் மூடப்படுவதில்லை. இவருடைய அபிப்பிராயத்தால் மூடப்படலாம்.

நான் உலோகவியல் படித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த பொருளை எடுத்துக்கொள்கிறேன்: அலுமினியக் கலவையை அச்சு வழியே பிதுக்கி உருவாக்கும் முறை. தொழிற்சாலையில் 'எக்ஸ்ட்ரூஷன்' என்பார்கள். முறுக்கு உழக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாவுக்குப் பதில் உலோகம். தட்டில் உள்ள ஓட்டையின் வடிவம் எதுவோ அந்த வடிவத்தில் நீளமாக வெளியே வரும். நம் வீட்டு ஜன்னல் சட்டங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. அலுமினியத்தோடு கொஞ்சம் மக்னீசியமும் சிலிக்கனும் சேர்த்து உருளைகளாக வார்க்கிறார்கள். வார்த்த உருளையைச் சுமார் 570 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து, உள்ளே திட்டுத்திட்டாகக் கிடக்கும் சேர்மானங்களைப் பரவச் செய்கிறார்கள். பிறகு துண்டு போட்டு, 450 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி, அச்சு வழியே தள்ளுகிறார்கள். வெளிவருவதைக் காற்றாலோ நீராலோ சட்டென்று குளிர்வித்து, இழுத்து நேராக்கி, மறுபடி 170, 180 டிகிரியில் சில மணி நேரம் வைக்கிறார்கள். அந்தக் கடைசி வெப்பத்தில்தான் உலோகம் உறுதி பெறுகிறது.

இதில் ஒரு விண்ணப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு நானே ஒன்றைக் கட்டுகிறேன். 'மக்னீசியம் 0.50 முதல் 0.60 சதவீதம், சிலிக்கன் 0.40 முதல் 0.50 சதவீதம் கொண்ட கலவையை 570 முதல் 580 டிகிரியில் வைத்திருந்து, மணிக்கு 200 டிகிரிக்குக் குறையாத வேகத்தில் குளிர்வித்து, பின் பிதுக்குவதை உள்ளடக்கிய முறை.' உரிமைக் கோரிக்கை எத்தனை நீளமானாலும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது மரபு. அந்த வாக்கியத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலிக்கால். 'ஏறத்தாழ' என்ற ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்கில் வழக்காடுவார்கள். ஒரு சொல்லைக் கூட்டினால் உரிமையின் எல்லை சுருங்கும், எடுத்தால் விரியும். சொற்சிக்கனம் பற்றிப் பேசும் நம் கவிஞர்கள் ஒருமுறையாவது இந்த வாக்கியங்களைப் படித்துப் பார்க்கலாம்.

பரிசோதகர் தேடுகிறார். 6063 என்ற எண்ணால் உலகம் முழுக்க அறியப்பட்ட கலவை ஒன்று இருக்கிறது: மக்னீசியம் 0.45 முதல் 0.9, சிலிக்கன் 0.2 முதல் 0.6. விண்ணப்பதாரர் கேட்பது இந்தப் பெரிய வயலுக்குள் ஒரு சின்னப் பாத்தி. பாத்தி புதிதா? அந்தக் குறுகிய எல்லைக்குள் எதிர்பாராதது ஏதாவது நடந்தால் புதிது என்று சொல்லலாம். தெரிந்த நிலைமைகளுக்குள் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சிறந்த அளவைக் கண்டுபிடிப்பது வழக்கமான வேலையே தவிரக் கண்டுபிடிப்பாகாது என்று 1955இல் அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் ஒன்று சொன்னது. சரி, வழக்கமான வேலை எது, யாருக்கு வழக்கம்? இந்த இடத்தில்தான் சட்டம் ஒரு கதாபாத்திரத்தைச் சிருஷ்டிக்கிறது.

'துறை தெரிந்தவன்' என்று அவனைச் சொல்லலாம். அவனுக்கு வெளிப்படையாகத் தோன்றக்கூடியது எதற்கும் காப்புரிமை இல்லை. அவனுடைய வம்சம் பழையது. 1851இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குக் கதவுக் கைப்பிடி பற்றிய ஒரு வழக்கு வந்தது. மரத்திலும் உலோகத்திலும் செய்த குமிழைக் களிமண்ணில் செய்வது கண்டுபிடிப்பாகுமா? ஆகாது, அது கைத்திறன் உள்ள தொழிலாளியின் வேலை, கண்டுபிடிப்பாளனுடையதல்ல என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து அந்தத் தொழிலாளி சட்டத்தின் அறைகளில் நின்றுகொண்டிருக்கிறான். வினோதமான மனிதன். உலகில் எந்த மொழியில் எந்த மூலையில் அச்சானதையும் படித்திருக்கிறான், எதையும் மறப்பதில்லை. ஆனால் அவனுக்குப் பொறி தட்டாது. 2007இல்தான் அதே உச்ச நீதிமன்றம் அவன் ஒன்றும் இயந்திரமல்ல, சாதாரண அளவு கற்பனை அவனுக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது.

ஏன் இப்படி ஒருவன் தேவைப்பட்டான்? பரிசோதகரால் செய்ய முடியாத ஒன்றைச் செய்வதற்கு. பரிசோதகர் முதலில் படிப்பது விண்ணப்பத்தை. விடையைப் படித்தபின் அவர் கேள்விக்கு முந்தைய நாளுக்குத் திரும்பிப் போக வேண்டும். தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டு, அன்றைக்கு இது தோன்றியிருக்குமா என்று கேட்க வேண்டும். மனித மனத்துக்கு இது சாத்தியமில்லை. விடுகதையின் விடை தெரிந்த கணத்திலிருந்து அது விடுகதையாக இருப்பதில்லை. ஆகவே மறக்கும் பொறுப்பைக் கற்பனை மனிதன் ஒருவனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நடைமுறையில் இதற்கு நுட்பமான ஒரு பிரிவினை உண்டு. அவன் செய்திருக்க முடியுமா என்பது கேள்வியல்ல, செய்திருப்பானா என்பதே கேள்வி. முடியும் என்பதற்கும் செய்வான் என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம். கண்டுபிடிப்பு என்று எதையாவது சொல்வதானால் அது அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது.

அலுமினியத்தின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்தையதன் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் பெர்லின் அருகே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், தோட்டா உறைகளுக்குப் பித்தளைக்கு மாற்றாக ஓர் அலுமினியக் கலவையைத் தேடிக்கொண்டிருந்தார். எஃகைச் சூடேற்றி நீரில் அமிழ்த்தினால் அப்போதே கடினமாகும். கொல்லனுக்கும் தெரிந்த விஷயம். செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை வில்ம் அப்படியே செய்தார். எதிர்பார்த்தபடி கடினமாகவில்லை. வார இறுதி கழித்து அதே துண்டை மறுபடி அளந்தபோது, சும்மா கிடந்த உலோகம் தானாகக் கடினமாகியிருந்தது என்பது 1906ஆம் வருஷத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை. 'டூராலுமின்' இப்படி வந்தது. காப்புரிமையும் வந்தது. ஏன் கடினமாயிற்று? வில்முக்குத் தெரியாது. கரைந்திருக்கும் சேர்மானம் மெல்ல நுண்துகள்களாகப் பிரிவதால் என்ற விளக்கம் 1919இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1938இல்தான் பிரான்ஸில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ்ரே மூலம் அந்த நுண்ணிய திரட்சிகளைக் கண்டார்கள். தனக்கே புரியாத ஒன்றின்மேல் ஒருவனுக்கு உரிமை தருவது நியாயமா? நியாயம் என்றே நினைக்கிறேன். அவர் உலகத்துக்குக் கொடுத்தது செய்முறை. செய்தால் அது நடக்கிறது. காரணத்தை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, கூடாது.

இதன் மறுபக்கம் 1985இல் அமெரிக்காவில் தீர்ப்பான ஒரு வழக்கில் இருக்கிறது. உலோகம் டைட்டானியம். கொஞ்சம் நிக்கலும் மாலிப்டினமும் சேர்த்தால் சூடான உப்புநீரிலும் அரிக்கப்படாத கலவை கிடைக்கிறது என்று கண்டவர்கள் காப்புரிமை கேட்டார்கள். 1970இல் வெளியான ஒரு ரஷ்யக் கட்டுரையின் வரைபடத்தில் ஒரு புள்ளி, நிக்கல் 0.75, மாலிப்டினம் 0.25 என்ற கலவையைக் குறித்தது. கட்டுரையில் அரிமானம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதியவர்கள் தங்கள் கையில் இருந்ததன் அருமையை அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் கலவை புதிதல்ல என்று மன்றம் சொல்லிவிட்டது. பொதுவில் வந்துவிட்ட ஒன்றின் குணத்தைப் பிற்பாடு தெரிந்துகொண்டவன் அதைச் சுற்றி வேலி போட முடியாது. இதையும் நான் ஏற்கிறேன். வில்முக்குப் பொருந்தும் நியாயமே இங்கும் பொருந்துகிறது.

ஆனால் என்னை உறுத்துவது இதற்கு அடுத்த படி. யாருக்கும் புரியாமல் அச்சில் கிடந்த ஒரு புள்ளி பொதுச் சொத்து என்றால், பலருக்கும் நன்றாகப் புரிந்து, ஆனால் அச்சில் வராத ஒன்று யாருடைய சொத்து?

பிதுக்கு எந்திரத்தின் முன் நிற்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் வெளிவரும் சட்டத்தின் விளிம்பு கிழியத் தொடங்கும். கிழிவதற்குச் சற்று முன்பே பரப்பின் பளபளப்பு மாறும். அவன் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறான். எந்த அச்சுக்கு முதல் உருளையை எவ்வளவு சூட்டில் விடுவது, எந்த வார்ப்பு 'ஓடும்', எது அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவன் கணக்கு. இது எழுதப்பட்டிருந்தால் ஒரு ஷிப்ட் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அந்த நோட்டு ஆலையின் ரகசியம். ஆகவே அவனுடைய அறிவு பொதுவிலும் இல்லை, அவனுடையதாகவும் இல்லை. நாளைக்கு எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து 'வெளிவரும் வெப்பத்தை இன்ன எல்லைக்குள் நிறுத்தும் வகையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை' என்று ஒரு விண்ணப்பம் வந்தால், பரிசோதகரின் தேடலில் அவன் அகப்பட மாட்டான். சட்டத்தின் 'துறை தெரிந்தவன்' முகத்தை இவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, அறிவை மட்டும் நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறான்.

வாய்மொழியைச் சட்டம் அறியவே அறியாது என்றும் சொல்ல முடியாது. உள்ளூர்ச் சமூகங்களிடம் வாய்மொழியாகவேனும் உள்ள அறிவைக் காட்டி ஒரு காப்புரிமையை எதிர்க்கலாம் என்று இன்றைய இந்தியச் சட்டம் சொல்கிறது. இங்கே பொதுவில் அறியப்பட்டது, புழங்கியது என்பதும் எதிர்ப்புக்குக் காரணமாகலாம். உரிமை வழங்குமுன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆனால் யார் வந்து சொல்வது? காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமை 1997இல் ரத்தாயிற்று. வழக்காடியது இந்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம். அங்கும் எடுபட்டவை அச்சிட்ட ஆதாரங்கள். பாட்டிகளின் சொல் அல்ல. மஞ்சளுக்காவது ஒரு நாடு கூடிற்று. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவனை எந்தச் சட்டமும் 'பாரம்பரியச் சமூகம்' என்று கொள்ளாது.

நம் நாட்டுச் சட்டம் ஒரு காலத்தில் இந்தப் பிரச்னையை வேறொரு தளத்தில் அணுகிற்று. நீதிபதி ராஜகோபால அய்யங்காரின் 1959ஆம் வருஷ அறிக்கையை ஒட்டி எழுந்த 1970ஆம் வருஷச் சட்டம், உணவு, மருந்து இவற்றோடு ரசாயன முறையில் உருவாகும் பொருள்களுக்கும் காப்புரிமை மறுத்தது. அவற்றில் உலோகக் கலவைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை. அதாவது பாதை உன்னுடையதாக இருக்கலாம், போய்ச் சேரும் ஊர் எல்லாருக்கும் பொது. வேறு வழி தெரிந்தவன் வரட்டும். 2005 ஜனவரியிலிருந்து அந்தப் பிரிவு இல்லை. அதன் பொருளாதார நன்மை தீமைகளைப் பற்றி வாதிக்க நான் வரவில்லை. அறத்தளத்தில் அதற்கு ஒரு தெளிவு இருந்தது என்பதை மட்டும் குறிக்கிறேன். ஒரு பொருளை அடைய இன்னொரு வழி எப்போதும் இருக்கக்கூடும், அந்த வழியைக் காணக்கூடியவன் இன்னும் இந்த அறைக்குள் வராதவனாக இருக்கலாம் என்ற நினைப்பு அதில் இருந்தது. பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் எந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு முறைக்கான காப்புரிமை செல்லாது என்று 1978இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், வெறும் பட்டறைச் சீர்திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்ற அதன் வாதத்தில் இதே நினைப்புத்தான். பட்டறை என்ற ஒன்று இருக்கிறது, அங்கே நாள்தோறும் ஏதாவது சீராகிக்கொண்டேயிருக்கிறது, அதற்கெல்லாம் பெயர் போட்டுக்கொள்வதில்லை.

பரிசோதகர் இரண்டு விதத்தில் தவறலாம். கொடுக்க வேண்டியதை மறுக்கலாம். மறுக்க வேண்டியதைக் கொடுக்கலாம். இரண்டும் ஒரே எடையுள்ளவை என்று சொல்லப்படுகிறது. ஒரே எடையாக இருக்கலாம், ஆனால் விழுவது வெவ்வேறு தலைகளில். மறுக்கப்பட்டவர் அங்கே இருக்கிறார். வழக்கறிஞர் இருக்கிறார், பதில் எழுதுகிறார், மேல்முறையீடு செய்கிறார். தவறாகக் கொடுத்ததால் பாதிக்கப்படுகிறவன் அங்கே இல்லை. இப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பத்து வருஷம் கழித்து ஒரு நோட்டீஸ் வரும்போதுதான் தான் செய்துகொண்டிருந்தது இன்னொருவருடையது என்று அறிவான்.

ஆகவே 'துறை தெரிந்தவன்' என்ற கற்பனையைக் கண்டுபிடிப்பாளனின் உயரத்தை அளக்கும் கோல் என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த அறையில் இல்லாத எல்லாருக்கும் அங்கே உள்ள ஒரே பிரதிநிதி அவன். பரிசோதகர் அவனை எவ்வளவு ஏழையாக, எவ்வளவு மந்தமாகக் கற்பனை செய்கிறாரோ அவ்வளவு சுலபமாகப் பொதுவில் உள்ளது தனியாருக்குப் போகும். அவனை மேதையாக்கிவிட்டால் வில்ம் போன்றவர்களுக்கு இடமில்லாமல் போகும் என்பதும் உண்மை. ஆனால் எந்திரத்தின் முன் நின்றிராத ஒருவர், நிற்கிறவனுக்கு என்ன தோன்றும் என்று தீர்மானிக்கும்போது, குறைத்து மதிப்பிடுவதுதான் எப்போதும் எளிது. நேர்மை என்று நான் சொல்வது அந்த எளிமையோடு சண்டை போடுவதை. ஒரு நாள் ஆலைக்குப் போய்ப் பார்ப்பது அதன் தொடக்கமாக இருக்கலாம்.

விமர்சகனுக்கும் அவனுடைய துறை தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான். அச்சேறாத, பேர் போட்டுக்கொள்ளாத, நமக்கு முன்னால் இதைச் சொல்லிப்பார்த்த யாரோ. 'புதிது' என்று எழுதுமுன் அவனை ஒருமுறை கேட்டுக்கொள்ள நமக்குச் சட்டத்தின் நிர்ப்பந்தம் இல்லை. இல்லாததால்தான் அது நம்முடைய பொறுப்பாகிறது.