ஒளிப்படம் காட்சியா, உரையா?

அறிவு பெறும் வழிகளான அளவைகளை மணிமேகலை பத்தாக விரித்துரைக்க, 13ஆம் நூற்றாண்டின் சைவ சமய நூலான சிவஞான சித்தியார் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. புலன்கள் நேரே அறிவது காட்சி. கண்ட அடையாளத்தால் காணாததை அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. ஒளிப்படத்தைப் பார்ப்பவர் தாம் காட்சி பெற்றதாகவே எண்ணினும், அவர் கண்முன் இருப்பது நிகழ்ச்சியன்று, அதைப் பற்றி வேறொருவர் விடுத்த செய்தியே என்பதால், படத்தை உரையின்பாற் படுத்துவதே பொருந்தும்.

அவ்வுரை இடையில் திருத்தப்பட்டதா எனச் சோதிக்க உதவும் மின்னிலக்க நீர்க்குறி என்பது, படப்புள்ளிகளின் ஒளியளவைக் கண்ணுக்குப் புலனாகாதவாறு நுண்மையாக மாற்றிப் பதிக்கப்படும் மறைகுறியாகும். அதன் எளிதிற் சிதையும் வகை, படத்தின் ஒரு பகுதி பின்னர் மாற்றப்படின் அப்பகுதியில் அழிந்து, கைவைத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சிதைவை ஏதுவாகக் கொண்டு திருத்தத்தைத் துணிவதால் இது கருதலின் பணி. எனினும் அக்கருதல் எட்டும் எல்லை குறுகியது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் அமைந்த தீபாவளி ஒளியூட்டுப் படத்தைச் சற்றே வெளிச்சமாக்கினும் குறி சிதையும். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் மூண்ட கலவரத்தின் படத்தை, ஒரு புள்ளியும் மாற்றாமல், நேற்று நடந்தது எனப் பரப்பினால் குறி பழுதின்றி நிற்கும். கோப்பைச் சுருக்குதல் போன்ற சிறு மாற்றங்களைப் பொறுக்கும் நீர்க்குறிகள் முதற்குறையைத் தணிக்குமாயினும், இரண்டாவதில் பொய் படத்தில் இல்லாமல் அதனோடு சேர்த்துச் சொன்ன சொல்லில் இருப்பதால், அங்கு எந்த நீர்க்குறியும் உதவாது. குறி பதிக்கப்பட்ட பின் படம் மாறவில்லை என்பதற்குமேல் அது எதற்கும் சான்றாகாது. பதித்தவர் நம்பத்தக்கவரா என்னும் வினா, சமய நூலார் உரையளவைக்கு எழுப்பிய அதே வினாவாக, அப்படியே எஞ்சுகிறது.

வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் மெய்போலக் காட்டும் மின்னிலக்கப் போலிகளைத் தேர்தல் காலத்தில் தடைசெய்யச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் நிறைவேற்றிய சட்டம் இவ்வகையில் கருதத்தக்கது. முகப்பொலிவு கூட்டும் சிறு ஒப்பனைகளை அது குற்றமாக்கவில்லை. புள்ளி மாறியதா என்பதைவிட, பார்ப்பவர் மெய்யென நம்பக்கூடுமா என்பதே அங்கு முதன்மை பெறுகிறது. ஐயத்துக்குரிய படத்தை ஆராயுமாறு தேர்தல் அதிகாரியிடம் கோரும் வேட்பாளர், அது தம்மைப் பொய்யாகக் காட்டுகிறது என உறுதிமொழி அளிக்க வேண்டும். அறிந்தே பொய்யுறுதி தந்தவர் அபராதத்துக்கு உள்ளாகலாம், வென்ற இடத்தையும் இழக்கலாம்.