உள்ளங்கை வியர்வை சாட்சியாகுமா?

மளிகைக் கடையில் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் தும்மல் வரும். எதிரே நிற்பவர் வாடிக்கைக்காரரா, வரி அதிகாரியா என்று அது பார்ப்பதில்லை. தும்மிய பின்னர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறோம். அந்தச் சொல் நம்முடையது. தும்மலோ நம்மைக் கேட்டு வந்ததன்று.

நம்மைக் கேளாமலே சரீரம் ஏன் இப்படிக் காரியமாற்றுகிறது? யோசனைக்கு நேரம் பிடிக்கும். ஆபத்து அதுவரை காத்திராது. சுடுசட்டியில் விரல் பட்டவுடன் செய்தி முதுகுத் தண்டு வரை ஓடுகிறது. கையை எடுக்கும் உத்தரவு அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. சுட்டது என்று மூளை அறியுமுன் கை விலகிவிடும். ஒவ்வொன்றுக்கும் முதலாளியின் சம்மதம் கேட்பதானால் விரல் வெந்து போகும்.

ஆனால் இந்தக் காவலாளிக்கு வேகம் உண்டே தவிர, விசாரணை கிடையாது. மிளகாயில் நெருப்பு ஏது? எனினும், சூட்டை அறிவதற்கென்று நாவில் அமைந்த அதே நரம்பு வாயிலைத்தான் அதன் காரமும் தட்டுகிறது. உடம்பு தீ என்றெண்ணி வியர்க்கிறது. 1997-ல் இந்த வாயிலைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

பயமும் அப்படியே. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் படபடக்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது, உள்ளங்கை நனைகிறது. புலியைக் கண்டாலும் முதலாளி சினந்தாலும் ஏற்பாடு ஒன்றே. திருடியவனுடைய பயத்துக்கும், திருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சுபவனுடைய பயத்துக்கும் தனித்தனி வியர்வை கிடையாது.

இதை நாம் தெரிந்துகொண்டது காலங்கடந்துதான். 2014-ல் நமது கடையில் நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்துப் பையன் ஒருவன் வேலை பார்த்தான். ஒரு நாள் மாலை கல்லாவில் 340 வெள்ளி குறைந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டோம். வாய் குழறிற்று, கை நடுங்கிற்று, சட்டையெல்லாம் வியர்வை. 'நான் எடுக்கலை முதலாளி' என்று அவன் சொன்னது நம் காதில் ஏறவில்லை. முகத்தைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவோம் என்பது வியாபாரிகளாகிய நமக்குள்ள பெருமையல்லவா? அன்றே அவனை அனுப்பிவிட்டோம். (நம்மிடம் பெருந்தொகை கடன் சொல்லிச் சென்று இன்றளவும் திரும்பாத மனிதர் ஒருவர் உண்டு. அவர் முகத்தில் ஒரு துளி வியர்வையும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

பழைய இந்தியாவில், சந்தேகப்பட்டவனை அரிசி மென்று துப்பச் சொல்லும் சோதனை ஒன்று இருந்தது. மெல்லும்போது உடல் நடுங்கினாலும் அது குற்றத்திற்கு அடையாளம். இக்காலத்துப் பொய் கண்டறியும் கருவி நாடித் துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அளக்கிறது. அரிசி போய்க் கம்பி வந்தது, அவ்வளவே. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010 மே 5-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவர் சம்மதமின்றி அவரை இக்கருவிக்கு உட்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்தே உட்பட்டாலும் அதன் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்பதற்கில்லை என்றும் கூறிற்று.

அந்தத் தீர்ப்பைப் படிக்காதவர்களும் ஓதும் பள்ளியில் நோன்பின் சட்டம் படித்திருக்கிறோம். தன்னையறியாமல் வாந்தி வந்தால் நோன்பு முறியாது. வேண்டுமென்று எடுத்தால் முறியும். வாந்தி இரண்டும் ஒன்றே. வெளியே நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. பத்து வயதில் உஸ்தாது முன்னிலையில் இதைப் பிழையின்றி ஒப்பித்தோம். நாற்பதை நெருங்கும் வயதில் கல்லாவின் முன் உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அவன் உடம்பு செய்ததை அவன் செய்ததாக எழுதிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்துப் பழைய பில் கட்டைப் புரட்டுகையில் எண்ணெய் வியாபாரியின் ரசீது ஒன்று அகப்பட்டது. 340 வெள்ளி. நாமே கொடுத்து, கணக்கில் ஏற்ற மறந்த பணம். அன்று மாலையே, அவனுக்குத் தர வேண்டிய சம்பளத்தை எடுத்துக்கொண்டு பைராம் தோட்டம் போனோம். 'வாங்க பாய், உட்காருங்க' என்று அவன் தாயார் நாற்காலி போட்டு, கறுப்புக் காப்பி கொடுத்தார். பையன் கதவோரம் நின்றான். 'தம்பி, தப்பு என்னுடையது' என்று சொல்ல வாயெடுத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை நனைந்து, கையிலிருந்த உறையும் ஈரமாயிற்று. அந்த நேரத்தில் ஒருவர் நம்மைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

அவன் பணத்தை வாங்கிக்கொண்டான். கடைக்குத் திரும்ப வரவில்லை. வரச் சொல்லி நாமும் வற்புறுத்தவில்லை. இப்போது கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் பில் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறோம். பையன்களைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான்.