கருணையா, கூலியா?

கந்தலான பட்டுக்கு மறுவாழ்வு கிடைக்கிறது. அவ்வாழ்வைத் தந்த கைகளுக்கு?

இந்தியாவிலும் நேபாளத்திலும் பழம் பட்டுச் சேலைகளைத் திரட்டுகின்றனர். தறியடியில் விழும் பட்டிழைக் கழிவையும் கூட்டி அள்ளுகின்றனர். சேலை நாடா நாடாகக் கிழிக்கப்படுகிறது. கழிவு, கையால் நூலாக நூற்கப்படுகிறது. சிவப்பும் நீலமும் பச்சையும் பொன்னும் கலந்த அந்நூலில் ஒரு கண்டினைப் போல் மறு கண்டு இராது. அதனைக் கொண்டு கைப்பையும் கழுத்தணியும் தோளாடையும் பின்னுகின்றனர். அவை கடல் கடந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலைபோகின்றன. உழைப்போர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஆகவே, "இதனை வாங்கினால் ஏழை ஒருத்தி பிழைப்பாள்" என்று கூறி விற்கின்றனர். வாங்குவோரும் உள்ளம் குளிர்கின்றனர்.

நல்ல உள்ளந்தான், குறை கூறோம். ஆயினும் எண்ணிப் பாருங்கள்! உணவு விடுதியில் உண்டவன் பணத்தைக் கொடுத்துவிட்டு, "சமையற்காரனை வாழவைத்தேன்" என்று மார்தட்டுகிறானா? மருத்துவருக்குக் கட்டணம் தந்தவன் தன்னை வள்ளல் என்கிறானா? பை பின்னியவருக்குத் தரும் பணம் மட்டும் கொடையாவது எங்ஙனம்? அவர் ஏழை என்பதாலா? பெண் என்பதாலா?

கந்தலை நூலாக்குவது புதுமையன்று. 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர், கம்பளிக் கந்தலைப் பிய்த்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கண்டார். இன்று அரியானாவின் பானிப்பட்டில், பல நாடுகளிலிருந்து வந்திறங்கும் பழந்துணி நூலாகிறது, போர்வையாகிறது. அங்கே ஆலை முதலாளிக்கு இரங்கியா போர்வை வாங்குகின்றனர்? விலை பேசி வாங்குகின்றனர்! ஆலை முதலாளியிடம் வணிகம். ஏழைத் தொழிலாளியிடம் தருமம்! இது எந்த ஊர் நீதி?

"இரக்கம் இல்லையேல் யார் வாங்குவர்? பசித்தவரிடம் மானம் பேசிப் பயன் என்ன?" என்பர் சிலர். வலுவான கேள்விதான். 1946-இல் எட்னா ரூத் பைலர் எனும் அமெரிக்கப் பெண்மணி, புவெர்ட்டோ ரிக்கோ ஏழைப் பெண்களின் பூத்தையல் துணிகளைத் தம் நாட்டில் விற்கத் தொடங்கியதும் இரக்கத்தால்தான். ஆனால், அவர் அவர்களுக்குத் திறந்துவிட்டது சத்திரமன்று, சந்தை! அத்தகைய முயற்சிகளால் வளர்ந்த நியாய வணிக இயக்கம், நியாயமான கூலியைத் தன் கோட்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கிறது.

இரக்கம் கதவைத் திறக்கட்டும், தடுப்பார் இல்லை. வீட்டை ஆளும் உரிமை மட்டும் அதற்கு வேண்டாம். இரக்கம் இன்று சுரக்கும். நாளை வேறொரு துயரின் பக்கம் திரும்பிவிடும். கூலியோ உரிமை! குறைந்தால் கேட்கலாம், மறுத்தால் வாதாடலாம். கருணையிடம் வாதாட முடியுமா? "கொடுத்ததைப் பெற்றுக்கொள்" என்றல்லவா அது கூறும்!

ஆகவே, வாங்குவோர் கேட்கட்டும்: இதனைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆயிற்று? விலையில் பின்னியவர் பங்கு எவ்வளவு? கூலியை முடிவு செய்தபோது அவர் குரல் கேட்கப்பட்டதா? அழகையும் உறுதியையும் ஆராயட்டும். பிடிக்கவில்லையேல் விட்டுச் செல்லட்டும். அது இழிவன்று, அவரைத் தொழில் வல்லவராக மதிப்பதாகும்.

குப்பையென்று கூட்டித் தள்ளிய இழைக்கு விலை உண்டென்று கண்டோம். அதனைக் கண்டு காட்டிய கைக்கு விலை பேசும்போது மட்டும் பிச்சைப் பாத்திரத்தை நீட்டச் சொல்வோமா?