ஃப்ரீ

சோளிங்கரில் ஏறிய டவுன் பஸ்ஸில் கேட்டது. உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, நின்றுகொண்டிருந்த பெரியவர் சொன்னார்: ‘ஃப்ரீயா வர்றவங்க கொஞ்சம் எழுந்திருக்கலாமே.’ அவள் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள்; கழுத்தில் அடையாள அட்டை தொங்கிற்று. ‘பஸ்ஸுதாண்ணா ஃப்ரீ. நான் ஃப்ரீ இல்ல’ என்றாள். எழுந்திருக்கவில்லை. நான் அடுத்த சீட்டில், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுடன், ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷில் இந்த ஒற்றைச் சொல் சுமக்கிற அர்த்தங்கள் ஏராளம். விலையில்லாதது, வேலையில்லாதிருப்பது, தடையில்லாதது, அடிமையல்லாதவன். நாம் அதில் வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டோம். ‘நாளைக்கு ஃப்ரீயா?’ என்கிறோம். ஸ்க்ரூ ஃப்ரீயாகிவிடுகிறது. டாக்டர் மோஷன் ஃப்ரீயாகப் போகிறதா என்று கேட்கிறார். மனசில் வைத்துக்கொள்ளாதே என்பதற்கு ‘ஃப்ரீயா விடு’. (அன்று பஸ்ஸில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் இதுதான்.) ஆனால் அடிமையல்லாதவன் என்ற அர்த்தம் மட்டும் நம் பேச்சுக்குள் வரவில்லை. அதற்கு விடுதலை, சுதந்திரம் என்று மேடைக்கான வார்த்தைகள் இருக்கின்றன; பஸ்ஸில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை.

விநோதம் என்னவென்றால், சொல்லின் வேரில் விலையே கிடையாது. ஃப்ரீயும் ஃப்ரெண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தின் ‘ப்ரிய’வும் அதே குடும்பம்; அதாவது நம் பிரியமும் ஃப்ரீக்கு உறவு. பழைய ஜெர்மானியக் குடும்பத்தில் அடிமைகளும் இருந்தார்கள், பிரியமானவர்களும் இருந்தார்கள். பிரியமானவன், வீட்டைச் சேர்ந்தவன், ஃப்ரீ. கட்டில்லாதவன் என்றல்ல, கணக்கு வைக்கப்படாதவன் என்றே எனக்குப் படுகிறது.

2019 ஜூலையில், எங்களுக்குப் பக்கத்து நெமிலி வட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர்கள். வாங்கிய முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்கள். அவர்களில் ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். நானும்தான். பிறகு அந்தப் படம் என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் வருஷத்துச் சட்டம் அந்தக் கடனைத் திருப்பித்தர வேண்டிய பொறுப்பே அற்றுப்போனது என்கிறது. அவர் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. சட்டப்படி நாற்பது வருஷத்துக்கும் மேலாக அவருடையதாகவே இருந்த ஒன்றை, அன்று யாரோ ஃப்ரீயாகக் கொடுத்ததுபோல வாங்கிக்கொண்டார். ஒரு கடன் தீர்ந்த நிமிஷத்திலேயே இன்னொன்று தொடங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஒரு முகத்தைப் பார்த்து வாங்கித்தான் அவருக்குப் பழக்கம்.

பஸ்ஸில் நின்றவர் கேட்டதும் அந்த முகமரியாதையைத்தான் என்று நினைக்கிறேன். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. ‘கட்டணமில்லை’ என்றும், ‘விடியல் பயணம்’ என்றும் அரசாங்கம் சொல்லிப் பார்த்தது. ஜனங்கள் ஃப்ரீ பஸ் என்றே வைத்துக்கொண்டார்கள். ஃப்ரீ என்றதும் கொடுத்தவன் ஒருவன் வேண்டியிருக்கிறது. டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு ஆம்பிளையும் அந்தக் கொடுத்தவனாகிவிடுகிறான். எங்கள் நரசிம்மர் மலைக்கு 1305 படி. 2024இலிருந்து ரோப் கார் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. படியேறுகிறவனைப் பார்த்து ஃப்ரீயாக ஏறுகிறாய் என்று ரோப் காரில் போகிறவன் சொல்வதில்லை. படி போட்டவனின் முகம் அங்கே இல்லாததனாலோ என்னவோ.

அவள் இறங்கினாள். பெரியவர் அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்டக்டர் எனக்கு மூன்று ரூபாய் பாக்கி தரவேண்டியிருந்தது. இறங்குமுன் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.