முதுமைக்கு மருந்துண்டா?

உடலைப் பேணுதல் இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. நடந்த அடிகளைக் கைக்கடிகாரம் எண்ணுகிறது. நரைக்குச் சாயம், சுருக்கத்துக்குக் களிம்பு. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. மருத்துவம் செய்துகொள்ளலாமா என நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுமாறே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்றும் திருவாய் மலர்ந்தார்கள். அம்முதுமையைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஹரம்'. (மக்காவின் ஹரம் அன்று, எழுத்து வேறு.) பிரமிடுக்கும் அதே பெயர்தான்! சாவை வெல்லக் கல்லடுக்கிய ஃபிர்அவ்ன்கள் நம் நினைவுக்கு வருகின்றனர்.

மருந்துள்ள நோய்களுக்கு மருந்து பெறுவது இப்போது எளிதாயிற்று. 2021 ஆகஸ்டு 5-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. நற்பணி, ஐயமில்லை. ஆயினும், கீரப்பாளையம் போன்ற நம் ஊர்களில், மாத்திரையை வாங்கிக்கொண்ட முதியவர், "கொஞ்சம் உட்காரும்மா" என்று அப்பெண்மணியை வேண்டுவதை நாம் கேட்டதுண்டு. அவருக்கோ இன்னும் பல வீடுகள்.

நோயாளியை நலம் விசாரிப்பதையும் ஜனாஸாவைப் பின்தொடர்வதையும் ஹதீஸ் அடுத்தடுத்த கடமைகளாக வைக்கிறது. இரண்டாவதில் நம்மவர் குறை வைப்பதில்லை. சென்னையிலிருந்து இரவோடிரவாகக் கார் வந்துவிடும். முதலாவதற்குத் தொலைபேசி! மாத்திரை போட்டீர்களா என்பதோடு பேச்சு முடிகிறது. அத்தாவின் மனத்தில் இருப்பது வேறு. அண்டை வீட்டில் வாங்கிய கைமாற்று, விடுபட்ட நோன்புகளுக்கான ஃபித்யா, செய்ய வேண்டிய வஸிய்யத்து. கட்டிலருகே அமர்ந்தவனிடமன்றி வேறு எவரிடம் அவர் இவற்றைச் சொல்வார்?