மழை யாருக்கு அருள்?

மழையைத் தெய்வத்தின் கொடை என்று நம்புவது தமிழருக்குப் பழகிப்போனது. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. சிலப்பதிகாரம் ஞாயிறு, திங்களோடு மழையையும் போற்றித்தான் தொடங்குகிறது. அந்த நம்பிக்கை மரக்காணத்து உப்பளங்களில் ஒரு கேள்வியில் முட்டி நிற்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. மிதித்து இறுக்கிய பாத்திகளில் அந்த நீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டச் சுண்ட, முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம் படியும். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் சோற்றுக்கான உப்பு பூக்கும். பூத்த உப்பை வாருவதற்குள் ஒரு கோடைமழை அடித்தால், பல நாள் வெயிலும் கூலியாட்களின் உழைப்பும் அதோடு கரைந்துவிடும். அதே மழைதான் பக்கத்துக் கழுவேலியை வாழவைக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்துத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு அது. மழைவெள்ளமும், கழிமுகத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலப்பதால்தான் அங்கே மீனும் பறவையும் இருக்கின்றன. 2021-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்படியானால் அந்த மழை யாரை நினைத்துப் பெய்தது?

ஒருவர் நட்டம் இன்னொருவர் லாபம், மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும் என்பார்கள். கணக்கு சரியாகலாம். ஆனால் கூலி இழந்தவள் வீட்டில் அந்த லாபம் அரிசியாக வந்து சேர்வதில்லை. முன்வினைப் பயன் என்பது இன்னும் கொடிய விடை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணம் இருக்கும் அதே மாவட்டத்து மயிலத்தில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊர் முழுக்க ஒரே இரவில் பாவம் முதிர்ந்தது என்று நெஞ்சறிந்து யாரால் சொல்ல முடியும்? மழை யாரையும் குறிவைத்துப் பெய்வதில்லை என்பதே என் முடிவு. அப்படியென்றால் மழையைத் தொழுவது வீண்தானே என்று கேட்கலாம். வீணில்லை. எனக்கென்று தராததற்கும் நன்றி சொல்லலாம். தனக்கு வந்த சலுகைக்காக மட்டும் சொல்லும் நன்றி பக்தியில் சேராது, பேரத்தில்தான் சேரும். மழை கெடுக்கவும் செய்யும் என்பதை வள்ளுவரும் அதே அதிகாரத்தில் மறைக்கவில்லை.

குறிவைக்காத மழைக்குக் கருணை இல்லையென்றால், கருணை காட்டும் பொறுப்பு மனிதருடையதாகிறது. வேலையில்லாத வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் மூன்று மாதத்தை ஓட்ட அது போதாது. பங்குனி, சித்திரையில் திடீரென்று பெய்யும் மழை கரைத்துவிடும் கூலி நாட்களும் அந்த நிவாரணக் கணக்கில் ஏற வேண்டும்.